முன்கண்ணாடியில் நின்ற மழை

நனைந்த பீடிப் புகையிலையின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். பீடி புகையும்போது வருகிற வாசனை இல்லை. பீடியைப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளை உள்ளங்கையில் கொட்டி, நாலு சொட்டு மழைத் தண்ணீர் விட்டுக் கசக்கினால் வருமே, ஈரச் சாக்கும் பழைய வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாசனை, அது. என் அப்பா வாழ்நாளில் ஒரு பீடி குடித்தவர் இல்லை. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் அவருடைய காக்கிச் சட்டைப் பையில் ஒரு பீடிக்கட்டு எப்போதும் இருக்கும். அது அவருடைய ஷேர் ஆட்டோவின் முன்கண்ணாடிக்கு.

தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டில், அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். எங்கள் வீடு பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வண்டியின் வைப்பரில் ரப்பர் தேய்ந்துபோய், வெறும் இரும்பு கண்ணாடியைக் கீற ஆரம்பித்ததும், அப்பா அதைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டார். "அடுத்த மாசம் மாத்திடலாம்" என்றார். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. மழை தூற ஆரம்பித்தால் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, பீடித்தூளைக் கசக்கி, கண்ணாடி முழுக்க அழுத்தித் தேய்ப்பார். அதுவரை முத்து முத்தாக ஒட்டிக்கொண்டிருந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து, ஒரே ஏடாகப் படர்ந்து வழிந்துவிடும். கண்ணாடியில் தண்ணீர் இருக்கும், ஆனால் துளி இருக்காது. எதிரே வரும் லாரி நேராகத் தெரியும். ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த பழைய வித்தைதான். வழக்கமாக வருகிற பயணிகள், "இன்னாண்ணா, நீயே வண்டிக்கு பீடி வாங்கிக் குடுத்துக் கெடுக்கற" என்று கிண்டல் செய்வார்கள். "அது குடிச்சுட்டுப் போவட்டும், நான் குடிக்கல இல்ல" என்பார் அப்பா.

அவருக்கு இருந்த ஒரே கர்வம் கண். தூரத்தில் பஸ் ஒன்று வருகிறது என்பதே மற்றவர்களுக்கு மங்கலாகத் தெரியும்போது, அது எத்தனாம் நம்பர் பஸ், உள்ளே உட்கார இடம் இருக்கிறதா என்பதுவரை சொல்லிவிடுவார். ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் அவரை "பைனாகுலர்" என்று கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் அப்பா முகத்தில் ஒரு பூரிப்பு வரும். அவருக்குப் பட்டப்படிப்பு கிடையாது, சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்தக் கண்கள்தான் இருந்தன.

அம்மாவுக்குப் பீடி வாசனை ஆகாது. மழைக்காலம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் இதே சண்டை. "கைய கழுவிட்டு வந்து சோத்துல வையி, வூடே நாறுது" என்று அம்மா தட்டைத் தராமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்கும் கூச்சமாக இருந்தது. அப்பா என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத் தலையைத் தடவிவிட்டுப் போனால், அந்த வாசனை என் எண்ணெய் தடவிய தலையில் மத்தியானம்வரை இருக்கும். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. நல்ல மழையில் பீடித்தூளின் சாரம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. மறுபடி இறங்க வேண்டும், நனைய வேண்டும், தேய்க்க வேண்டும். அந்த வருஷம் அப்பா ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடுகிற இடத்தில், சேம்பு தானாக முளைத்துக் கிடந்தது. அதன் இலையில் தண்ணீர் தெளித்து, துளியை இப்படியும் அப்படியுமாக உருட்டுவது என் விளையாட்டு. இலையைச் சாய்த்தால் துளி ஓடும். ஓடிய இடத்தில் ஈரம்கூட இருக்காது. இலையில் நிற்காத தண்ணீர் அப்பாவின் கண்ணாடியில் மட்டும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. இலை பளபளவென்று இருக்கிறது, எண்ணெய் தடவிய மாதிரி இருக்கிறது. ஆகையால் எண்ணெய்தான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து அன்றைக்கு எனக்கே புல்லரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கழுவுவது என் வேலை. அந்த ஞாயிறு முன்கண்ணாடியைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, பழைய பீடிக்கறையையெல்லாம் போக்கி, துடைத்துக் காயவிட்டு, அதன்மேல் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தடவினேன். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாதபடி என் கிழிந்த பாவாடைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சோதனை. ஒரு மக்குத் தண்ணீரை மேலிருந்து ஊற்றினேன். தண்ணீர் அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது, சேம்பிலையைப் போலவே. நான் யாரிடமும் சொல்லவில்லை. மழை வரும்போது அப்பா தானாகவே பார்த்து அசந்துபோக வேண்டும், அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. "நானும் வரேம்ப்பா" என்று அடம்பிடித்து அன்று சாயங்காலம் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டலூர் ஜூவிலிருந்து திரும்புகிற கூட்டம் நிறைய இருக்கும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா, காலேஜ் பையன்கள் இரண்டு பேர், வயதான ஒரு தம்பதி என்று வண்டி நிறைந்தது. நான் அப்பாவின் சீட்டிலேயே இடது பக்கம் ஒண்டிக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் தூற ஆரம்பித்தது. வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது, ஆனால் எதிரே வந்த வண்டிகள் விளக்கைப் போட்டுவிட்டன. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, துளிகள் ஓடுவதற்காகக் காத்திருந்தேன்.

ஒரு துளியும் ஓடவில்லை. குண்டுமணி அளவில், கடுகு அளவில், ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தன. உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எதிர் விளக்கு ஒவ்வொன்றும் அந்த ஆயிரம் துளிகளிலும் ஆயிரம் விளக்காக எரிந்தது. அப்பா கண்ணைச் சுருக்கினார், கழுத்தை நீட்டினார்.

இன்று நான் மேடவாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். பரப்பு இழுவிசைப் பாடம் வருஷா வருஷம் வரும். தண்ணீர்த் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், கண்ணாடியும் அவற்றைத் தன் பக்கம் இழுக்கும். கண்ணாடி சுத்தமாக இருந்தால் அதன் இழுப்பு ஜெயித்து, தண்ணீர் படர்ந்துவிடும். எண்ணெய் பூசினால் அந்த இழுப்பு குறைந்து, தண்ணீர் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு துளியாகக் குந்தும். குந்தினால் உருண்டு ஓட வேண்டியதுதானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஓடாது. துளியின் விளிம்பு, கண்ணாடியில் இருக்கும் ஒவ்வொரு தூசியையும் கீறலையும் எண்ணெய்த் திட்டையும் பிடித்துக்கொள்ளும். கீழ்ப்பக்கம் தொந்தி மாதிரி சரியும், மேல்பக்கம் மெலியும், அப்போதும் விளிம்பு விடாது. அதை இழுத்துக்கொண்டு ஓடும் அளவுக்குக் கனம் வேண்டும். ஒரு மக்குத் தண்ணீருக்கு அந்தக் கனம் இருந்தது, தூறல் துளிக்கு இல்லை. சேம்பிலையில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் உண்டு, அவற்றின்மேல் மெழுகு உண்டு. துளி அந்த மேடுகளின் உச்சியில், கீழே காற்றை வைத்துக்கொண்டு உட்காரும், பிடித்துக்கொள்ள அதற்கு இடமே கிடைக்காது. நான் தடவிய எண்ணெயில் மேடும் இல்லை, காற்றும் இல்லை. இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும். எனக்குத்தான் ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு பீரியடு முடிகிறவரை கரும்பலகையைவிட்டு அவர்கள் பக்கம் திரும்ப முடியாது.

பெருங்களத்தூருக்கு முன்னால் அப்பா ஓரங்கட்டி இறங்கினார். பீடியைப் பிரித்துக் கசக்கித் தேய்த்தார். எண்ணெயும் புகையிலையும் சேர்ந்து கண்ணாடி முழுக்கச் சந்தனம் குழைத்த மாதிரி அப்பிக்கொண்டது. துண்டால் துடைத்தார், இன்னும் மோசமானது. "இன்னாடா இது, இன்னிக்கி இப்பிடிப் பண்ணுது" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். பின்னால் குழந்தையோடு இருந்த பெண், "அண்ணா, மெதுவாப் போங்கண்ணா, கொழந்த இருக்கு" என்றாள். அப்பா தலையை வெளியே நீட்டி, மழை முகத்தில் அடிக்க அடிக்க, ஒற்றைக் கண்ணால் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

"அப்பா, எண்ணெய்." இந்த இரண்டு வார்த்தைதான். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் வண்டியை நிறுத்தியிருப்பார். நான் சொல்லவில்லை. அந்தத் துளிகளையே பார்த்துக்கொண்டு, ஓடு ஓடு என்று மனசுக்குள் அவற்றைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவுக்கெல்லாம் தண்ணீர் கேன் போடுகிற ஏழுமலை அண்ணன், சைக்கிளில் இரண்டு பக்கமும் கேனைக் கட்டித் தள்ளிக்கொண்டு, ரோட்டின் இடது ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். வண்டி அவரை உரசியது. பெரிய சத்தம்கூட இல்லை. சைக்கிள் சாய்ந்தது, அவர் விழுந்தார், ஒரு கேன் கயிறு அறுந்து ரோட்டின் நடுவே உருண்டுபோனது. பஸ் ஒன்று பிரேக் போட்டு நின்றது.

அவர் உடனே எழுந்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வண்டியை ஓட்டியவர் யார் என்று பார்த்ததும் அவரே சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். "ஒண்ணும் ஆவலண்ணா. மழையில யாருக்குத் தெரியும். நீ சவாரிய எறக்கிட்டு வா." ஆனால் அப்பா நகரவில்லை. மழையில் நின்றுகொண்டு ஏழுமலை அண்ணனையே மேலும் கீழும் பார்த்தார். "வெள்ள பனியன் போட்டுகினு ஒரு ஆளு போறான். எனக்குத் தெரில. என் கண்ணுக்குத் தெரில" என்றார். வீடு வந்து சேரும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு, அவர் எழுவதற்கு முன்னால், நான் வாசலுக்குப் போனேன். பயம். கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் மட்டும்தான் அப்போது இருந்தது, வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. சோப்புத்தூளைக் குழைத்து முன்கண்ணாடியை மூன்று தரம் கழுவினேன். எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டாமல் போகிறவரை கழுவி, காய்ந்த துணியால் துடைத்தேன். அப்பா பல் விளக்கிவிட்டு வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ஏரிக்கரையை வெகுநேரம் பார்த்தார். மேகம் விலகியிருந்தது. கரையில் மேய்ந்த ஆட்டை எண்ணலாம் போல அவ்வளவு தெளிவாக இருந்திருக்கும். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"கண்ணாடில ஒண்ணும் இல்ல. சுத்தமா கீது பாரு" என்றார். "அப்போ கண்ணுதான்."

நான் செய்த முதல் காரியம் அறியாமல் செய்தது. அதை யாரும் மன்னித்துவிடுவார்கள். இந்த இரண்டாவது காரியத்துக்குத்தான் எனக்கு இன்றுவரை ஆறுதல் கிடைக்கவில்லை. அவருடைய கண்ணுக்குச் சாட்சியாக இருந்த ஒரே பொருளை நான் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

அந்த வாரமே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். தூரத்துப் பலகையில் கடைசி வரிவரை அப்பா தடங்கல் இல்லாமல் படித்தார். "தூரம் நல்லா இருக்கு சார்" என்றாள் அங்கிருந்த பெண். பிறகு பொடி எழுத்து அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்தாள். அப்பா அதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், மேலும் தள்ளிப் பிடித்தார். அவள் சிரித்துக்கொண்டே, "வெள்ளெழுத்து சார். நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள். "எல்லாருக்கும்" என்பது என் காதில் விழுந்தது. "தூரம் நல்லா இருக்கு" என்பதும் விழுந்தது. அப்பா காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை. தீர்ப்பை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி தலையை ஆட்டி, படிக்கிற கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டார். அவர் அதிகம் படிக்கிறவர்கூட இல்லை.

பொங்கலுக்குள் வண்டியை விற்றுவிட்டார். சேலையூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் வந்து, "இன்னா பைனாகுலரு, ஒரு சின்ன உரசலுக்குப் போயி" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். "ஏழு உசுர ஏத்திகினு போறேன். கண்ணு தெரியாதவன் ஓட்டக் கூடாது" என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன், எங்கே டிரைவர் பிரேக் போட வேண்டுமோ அங்கே அப்பாவின் வலது கால் தரையை அழுத்தும். நம்பர் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். தூரத்தில் பஸ் வந்தால், "அது எதுன்னு பாரும்மா" என்று என்னைக் கேட்பார். எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம், அப்பா என்னை ஒரு தரம்கூட அடித்ததில்லை என்றாலும் பயம். வண்டி போன பிறகு, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். காலேஜில் படிக்கும்போது எத்தனையோ தடவை வாயைத் திறந்துவிட்டு வேறு ஏதோ பேசியிருக்கிறேன். நாள் ஆக ஆக அந்த இரண்டு வார்த்தை கனத்துக்கொண்டே போனது, ஆனாலும் இறங்கவில்லை. அம்மா இறந்த வருஷம் அவளிடமாவது சொல்லலாம் என்று நினைத்தேன், அதுவும் முடியவில்லை.

போன மாதம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அதற்கு முந்தின பரிசோதனையில், "எனக்கு நாப்பத்திரண்டு வயசுலயே கண்ணு பூட்ச்சு டாக்டர், அதான் வண்டி ஓட்றத உட்டேன்" என்றார். டாக்டர் அவருடைய பழைய மூக்குக்கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது படிக்கிற கண்ணாடிதானே ஐயா, வண்டி ஓட்டுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே" என்றார். அப்பா சிரித்தார். எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், வீட்டில், மருந்து விடுகிற நேரம். அவர் மல்லாந்து படுத்திருந்தார். பாட்டிலைக் கவிழ்த்தேன். முனையில் சொட்டு திரண்டது, தொங்கியது, விழவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் விழுந்தது. அஞ்சு நிமிஷம் கண்ணைத் திறக்கக் கூடாது. அவர் என் முகத்தைப் பார்க்க முடியாத அந்த அஞ்சு நிமிஷத்தில் நான் சொன்னேன். சேம்பிலை, தேங்காய் எண்ணெய், பாவாடைத் துணி, மறுநாள் காலையில் சோப்புத்தூள், ஒன்று விடாமல் சொன்னேன். துளி ஏன் கண்ணாடியில் ஒட்டுகிறது என்பதைக்கூட, பைத்தியக்காரி மாதிரி, பாடம் எடுக்கிற குரலில் அவருக்கு விளக்கினேன். "உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்லப்பா. நான் பண்ணது" என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அப்பா கண்ணைத் திறக்காமலே கையை மறுப்பாக ஆட்டினார்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றார். "கண்ணுதான். என் கண்ணு எனக்குத் தெரியாதா?"

"எண்ணெய்ப்பா. நான்தான் தடவினேன்."

"பதினோரு வயசுப் புள்ள, உனக்கு இன்னா தெரியும். உடு. போட்டுக் கொழப்பிக்காத." பிறகு, "அடுத்த சொட்டு எத்தினி மணிக்கு?" என்று கேட்டார்.

அன்று பெருங்களத்தூரில் பத்து விரலாலும் அந்தக் கண்ணாடியைத் தேய்த்தவர் அவர். மழைக்காலம்தோறும் தேய்த்துப் பழகிய கைக்கு எண்ணெய்ப் பிசுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா, தேங்காய் எண்ணெய் வாசனை மூக்குக்கு எட்டாமல் இருந்திருக்குமா? தெரிந்துதான் எனக்காகத் தன் கண்ணின் மேல் பழியைப் போட்டாரா, அல்லது உண்மையாகவே தன் கண்ணை நம்பாமல் இத்தனை வருஷம் வாழ்ந்தாரா? இரண்டில் எது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. எது என்றாலும் என்னால் தாங்க முடியாது.

இப்போது அந்த ரோட்டில் மேம்பாலங்கள் ஏறி இறங்குகின்றன. ஷேர் ஆட்டோக்களில் வைப்பர் ஒழுங்காக வேலை செய்கிறது. மழைக்கு யாரும் பீடியைப் பிரித்து நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சேம்பு முளைத்த இடத்தில் சிமெண்ட் போட்டுவிட்டோம். அப்பாவைப் "பைனாகுலர்" என்று கூப்பிட்டவர்களில் ஒருவரும் இப்போது ஸ்டாண்டில் இல்லை.

அன்று அடுத்த சொட்டுக்கு நேரம் கேட்டுவிட்டு, அவர் கண்ணை மூடியபடியே படுத்திருந்தார். இமையின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, கன்னத்தில் இறங்காமல் நின்றுகொண்டிருந்தது. கண்ணைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது ஏன் அங்கேயே நிற்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.